ஆய்வுக்கு வந்தவர்களால் படகு சேதமானால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேசுவரம், மண்டபம் பக்கத்துப் படகுக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளுக்குள்தான் மீன்வளத் துறை விசைப்படகுகளை நேரில் வந்து ஆய்வு செய்கிறது. அந்தச் சமயத்தில் வருகிற கேள்விகள் ஒவ்வொரு வருடமும் ஒன்றுபோலவே இருக்கின்றன: பலகை உடைந்தது, வயர் அறுந்தது, யாரிடம் போய்க் கேட்பது? கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இது வக்கீல் வேலைக்கு மாற்று இல்லை. ஆனால் வக்கீலிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை இதில் தெரிந்துகொள்ளலாம்.

"ஆய்வுன்னு சொல்லி யார் யாரோ படகுல ஏறுறாங்க. யார் எதுக்கு வர்றாங்கன்னே தெரியல?"

கரையில் வருவது பெரும்பாலும் மாநில மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இன்படி பதிவு எண், படகின் நீளம், இன்ஜின் திறன், வலை, உயிர்காப்புச் சட்டை, விஎச்எஃப் கருவி (கடலில் பேசுகிற ரேடியோ), ட்ரான்ஸ்பாண்டர் (படகு இருக்கிற இடத்தைக் காட்டும் கருவி) எல்லாம் பார்ப்பார்கள். படகைக் காட்டாவிட்டால் வரிவிலக்கு டீசல் நின்றுவிடும். அதனால் ஆய்வைத் தவிர்க்கிற பேச்சுக்கே இடமில்லை.

கடலில் மறித்து ஏறுகிறவர்கள் வேறு. தமிழ்நாடு காவல் துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமமாக இருக்கலாம், மத்திய அரசின் கடலோரக் காவல் படையாக இருக்கலாம், கடற்படையாகவும் இருக்கலாம். எந்தத் துறை, எந்தப் படகு எண், யார் தலைமை என்ற மூன்றையும் அப்போதே குறித்து வையுங்கள். மனு மாநிலத்துக்குப் போக வேண்டுமா, மத்திய அரசுக்குப் போக வேண்டுமா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.

"கவர்மெண்ட் ஆளுங்க உடைச்சா கவர்மெண்டுகிட்ட காசு கேக்க முடியுமா? கேட்டா சிரிப்பாங்களே!"

முடியும். அரசு மீது வழக்குத் தொடுக்கலாம் என்பது அரசியலமைப்பின் 300-வது பிரிவிலேயே இருக்கிறது. ஊழியரின் அலட்சியத்துக்கு அரசு எந்த அளவு பொறுப்பு என்பதில்தான் நீதிமன்றங்கள் நெடுங்காலம் இழுபறியாக இருந்தன. ராஜஸ்தானில் அரசு ஜீப் இடித்து ஒருவர் இறந்த வித்யாவதி வழக்கில், 1962-இல் உச்ச நீதிமன்றம் அரசைப் பொறுப்பாக்கியது. ஆனால் 1965-இல் கஸ்தூரிலால் வழக்கில் கதை மாறியது. போலீஸ் கைப்பற்றிய தங்கத்தை ஏட்டு ஒருவர் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். கைதும் கைப்பற்றுதலும் இறையாண்மைப் பணி (அரசு மட்டுமே செய்யக்கூடிய ஆட்சி வேலை), அதற்கு நட்டஈடு கிடையாது என்று தீர்ப்பானது.

நமக்குக் கைகொடுப்பது 1994-இல் வந்த நாகேந்திர ராவ் தீர்ப்பு. ஆந்திரத்தில் ஓர் உர வியாபாரியின் சரக்கை அதிகாரிகள் கைப்பற்றி வைத்திருந்தார்கள். பிறகு திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. போய்ப் பார்த்தால் சரக்கு வீணாகிக் கிடந்தது. சட்டப்படி செய்த வேலையாகவே இருந்தாலும், அதை அலட்சியமாகச் செய்து குடிமகனின் பொருளைக் கெடுத்தால் அரசு ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. படகு ஆய்வும் அதே மாதிரிதான். ஏறிப் பார்க்க அதிகாரம் இருக்கிறது, அலட்சியமாக உடைக்க இல்லை. அரசுத் தரப்பு வக்கீல் கஸ்தூரிலாலை எடுத்து வைப்பார். உங்கள் வக்கீல் நாகேந்திர ராவை எடுத்து வைக்க வேண்டும்.

"சேதம் ஆன உடனே முதல்ல என்ன செய்யணும்?"

எதையும் நகர்த்துவதற்கு முன்னால் படம் எடுங்கள். முதல் படம் தள்ளி நின்று, பதிவு எண்ணும் சேதமான இடமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி. அப்புறம் பக்கத்தில் போய், ஓர் அளவு நாடாவையோ பத்து ரூபாய் நாணயத்தையோ வைத்து எடுங்கள். இடித்தது ரோந்துப் படகு என்றால் அதன் முன்பக்கத்தையும் எடுங்கள். உங்கள் படகின் பெயிண்ட் அங்கே ஒட்டியிருக்கும், அதைவிடப் பேசுகிற சாட்சி கிடையாது. அந்த செல்போனை விற்காதீர்கள், மாற்றாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் போதாது, மூலப் படம் அதே போனில் இருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிற பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்ட ஒரு சான்றிதழும் வேண்டும். அதை வக்கீல் தயார் செய்வார்.

இரண்டாவது, அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். வெள்ளைத் தாளில் பத்து வரி போதும்: தேதி, நேரம், இடம், படகு எண், வந்த குழு, என்ன நடந்தது, எந்த இடம் சேதம், கூட இருந்தவர்கள் பெயர். மீன்வளத் துறை உதவி இயக்குநர் (ஏடி) அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அன்றைக்கே ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டு, ரசீதை அந்த நகலில் பின் அடித்து வையுங்கள். பழைய பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டார்கள். கவுண்டரில் கேட்டால் ஒப்புகை வசதியைச் சேர்த்துக் கொடுப்பார்கள்.

நான் பார்த்தவரை படகுக்காரர் தோற்பது சட்டம் இல்லாததால் அல்ல, இந்தப் பத்து வரித் தாள் இல்லாததால். பதினைந்து நாள் கழித்து எழுதுகிற மனுவை யாரும் நம்புவதில்லை.

"ஆய்வு படிவத்துல கையெழுத்து போடுங்கன்னு சொல்றாங்க. போட்டா சேதம் இல்லன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமா?"

படகை ஆய்வு செய்தார்கள் என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து. போடலாம். போடுவதற்கு முன் உங்கள் கையாலேயே ஒரு வரி எழுதுங்கள்: "ஆய்வின்போது வலது பக்க அணியப் (முன்பக்கப்) பலகையில் சேதம் ஏற்பட்டது, தனியே மனு கொடுக்கப்படுகிறது." எழுத விடவில்லை என்றால், எழுத விடவில்லை என்பதையே மேலே சொன்ன பத்து வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். எதுவும் எழுதாத வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

"அது ஏற்கனவே இருந்த விரிசல்னு சொல்லி தட்டிக் கழிக்கிறாங்க. எப்படி நிரூபிக்கிறது?"

அடிக்கடி வருகிற பதில் இதுதான். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கிறது. மரப் படகில் புதிதாக உடைந்த இடம் வெளுப்பாக இருக்கும், நார் கூராக நீட்டிக்கொண்டு நிற்கும். பழைய விரிசலுக்குள் கருப்பு ஏறியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் பாசியும் இருக்கும், போன வருடப் பெயிண்ட்கூட உள்ளே இறங்கியிருக்கும். இடித்த வேகத்தில் இரண்டு பலகைக்கு நடுவே தண்ணீர் புகாமல் அடைத்த கலப்பற்றுப் பஞ்சு வெளியே பிதுங்கியிருந்தால் அதைப் பிய்க்காமல் அப்படியே படம் எடுங்கள். உள்பக்கம் போய் வங்குக்கால் (பலகைகளைத் தாங்குகிற விலாச் சட்டம்) அசைந்திருக்கிறதா, ஆணி தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபைபர் படகில் மேலே நட்சத்திரம் மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். சுற்றிலும் நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டிங்' என்று கேட்ட சத்தம் 'தொப்' என்று மாறினால், உள்ளே அடுக்கு விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இதைப் பார்க்கத் தெரிந்தவர் படகு கட்டுகிற தச்சரான ஓடாவிதான். நீங்கள் எப்போதும் வேலை கொடுக்கிற ஓடாவியோடு இன்னொருவரையும் கூட்டி வந்து, இருவரிடமும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். பெரிய சேதம் என்றால் உரிமம் பெற்ற மரைன் சர்வேயரை வைத்து அறிக்கை எடுப்பது நல்லது. செலவு ஆகும், ஆனால் அந்தச் செலவையும் இழப்பீட்டில் சேர்த்துக் கேட்கலாம்.

இன்னொன்றும் உண்டு. ஆய்வு தேதி தெரிந்ததும், முதல் நாளே படகைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். ஐந்து நிமிட வேலை. "ஏற்கனவே இருந்தது" என்ற பேச்சை அது ஒன்றே அடைத்துவிடும்.

"அதிகாரி கம்பிய வச்சு குத்திப் பாத்தாரு, பலகை பொத்துக்கிச்சு. இதுக்கு கேக்கலாமா?"

யோசித்துக் கேளுங்கள். உளுத்துப்போன பலகை லேசாகக் குத்தினதும் உள்ளே போயிற்று என்றால், ஆய்வு தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்தப் பலகை நடுக்கடலில் போயிருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அதற்கு இழப்பீடு கேட்பது நியாயமும் இல்லை, நிற்கவும் நிற்காது. நல்ல தேக்குப் பலகையில் சுத்தியலால் ஓங்கி அடித்துப் பிளந்தால் அது வேறு கதை. சோதிக்கத் தேவையான அளவைத் தாண்டினார்களா என்பதுதான் கேள்வி. உடைந்த துண்டைத் தூக்கிப் போடாமல் சாக்கில் கட்டி வையுங்கள். உளுத்ததா நல்லதா என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

"தண்ணி ஏறுது. ஆதாரம் போயிடும்னு ரிப்பேர் பண்ணாம வச்சிருக்க முடியுமா?"

கூடாது. சேதம் பெரிதாகாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளர் கடமை. பம்பு போடாமல் விட்டு இன்ஜின் முழுகினால், இன்ஜினுக்கான பணத்தை யாரும் தர மாட்டார்கள். தற்காலிகமாக அடைப்புப் போடுங்கள், தேவைப்பட்டால் கரையேற்றுங்கள். அதற்கு முன் உள்ளே தண்ணீர் நிற்கிற மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, மணிக்கு ஒரு தடவை புதுக் கோடு போட்டு, நேரத்தோடு படம் எடுங்கள். தண்ணீர் ஏறுகிற வேகம் அதில் பதிவாகிவிடும்.

நிரந்தர ரிப்பேருக்கு முன்னால் துறைக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: "ஏழு நாளில் பழுது பார்க்கப் போகிறேன், அதற்குள் யாராவது வந்து பார்த்துக்கொள்ளலாம்." வந்தால் நல்லது. வராவிட்டால், பார்க்க வாய்ப்பே தரவில்லை என்று பிறகு அவர்கள் சொல்ல முடியாது. கழற்றிய பலகை, வளைந்த கம்பி, உடைந்த கண்ணாடி எல்லாம் விவகாரம் முடிகிற வரை உங்களிடமே இருக்கட்டும்.

"மனுவ யாருக்கு எழுதணும்? கலெக்டருக்கா, ஏடிக்கா?"

கரையில் மீன்வளத் துறை என்றால் முதலில் உதவி இயக்குநர், நகல் துணை இயக்குநருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். கடலோர மாவட்டங்களில் நடக்கிற மீனவர் குறைதீர்க் கூட்டத்திலும் கொடுங்கள், அங்கே பேசியது கூட்டக் குறிப்பில் ஏறும். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்றால் அதன் மாவட்ட அதிகாரிக்கும் ஆட்சியருக்கும். கடலோரக் காவல் படை என்றால் அந்தப் பகுதி நிலையத் தளபதிக்கு. மண்டபத்திலேயே ஒரு நிலையம் இருக்கிறது.

போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்குவதும் உபயோகம்தான், தேதிக்கு அது ஒரு சாட்சி. ஆனால் அதற்கு மேல் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். வேண்டுமென்றே நாசம் செய்தால்தான் குற்ற வழக்கு ஆகும். கவனக்குறைவால் பொருள் சேதமானது உரிமையியல் விவகாரம்.

"எவ்வளவு கேக்கலாம்? தொழில் போன நாளுக்கும் சேத்து கேக்கலாமா?"

ரிப்பேர் கூலி, மரம், பெயிண்ட், கரையேற்றி இறக்கிய செலவு, சர்வேயர் கட்டணம் எல்லாம் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். ஓடாவி பில் தர மாட்டார் என்றால் தாளில் வேலை விவரம், நாள், கூலி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தவரை பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள்.

தொழில் இழப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. மே மாதத்தில் உடைந்து ஜூன் 14-க்குள் சரியாகிவிட்டால், தடைக்காலத்தில் எப்படியும் கடலுக்குப் போயிருக்க மாட்டீர்கள். அந்த நாள்களுக்கு வருமான இழப்பு கேட்க முடியாது. தடை முடிந்து மற்ற படகுகள் போன பிறகும் உங்கள் படகு கரையில் நின்றால், அந்த நாள்களுக்குக் கேட்கலாம். அதற்கு அத்தாட்சி: முந்தைய வருடம் இதே மாதம் மீன் விற்ற கணக்குச் சீட்டு, டீசல் பாஸ்புக், கடலுக்குப் போகத் துறை தருகிற அனுமதிச் சீட்டான டோக்கனின் பதிவு. மொத்த விற்பனையைக் கேட்காதீர்கள். டீசல், ஐஸ், ஆள் பங்கு எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் உங்கள் இழப்பு. கூட்டிச் சொன்ன ஒரு தொகை, உண்மையான மற்றத் தொகைகளையும் சந்தேகத்துக்கு இழுத்துவிடும்.

"இன்சூரன்ஸ் இருக்கு. அதுல வாங்கிட்டா போதாதா?"

முதலில் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். படகு முழுதாகப் போனால் மட்டுமே பணம் என்று இருக்கிற பாலிசிகள் நிறைய. அதில் ஒரு பலகைக்குப் பணம் வராது. பகுதிச் சேதத்துக்கும் உண்டு என்றால் உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, அவர்களுடைய சர்வேயர் பார்க்கிற வரை நிரந்தர ரிப்பேர் செய்யாதீர்கள். பிரதமர் மீன்வளத் திட்டத்தில் வருகிற குழு விபத்துக் காப்பீட்டைப் பலர் படகு இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அது ஆள்களுக்கு உள்ளது.

கம்பெனி பணம் கொடுத்துவிட்டால், சேதம் செய்தவரிடம் கேட்கிற உரிமை அந்தத் தொகை அளவுக்குக் கம்பெனிக்கு மாறிவிடும். பாலிசியில் கழித்துக்கொண்ட தொகையையும் தொழில் இழப்பையும் நீங்கள் தனியே அரசிடம் கேட்கலாம். ஒன்றில் கவனம் வேண்டும்: கம்பெனிக்குத் தெரியாமல் "எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று துறைக்கு எழுதிக் கொடுத்தால், அவர்களுடைய உரிமையையும் சேர்த்துக் கெடுத்தவர் ஆவீர்கள். அதைக் காரணம் காட்டி உங்கள் கிளெய்மையும் நிராகரிக்கலாம்.

"ஆய்வுக்காக எல்லாப் படகையும் நெருக்கி கட்டச் சொன்னாங்க. பக்கத்து படகு மோதி என் படகு உடைஞ்சுது. யார் பொறுப்பு?"

சாதாரணமாக மோதின படகின் உரிமையாளர்தான். அதிகாரி இடம் சொன்னார் என்பதற்காக அவர் பொறுப்பாகிவிட மாட்டார். ஆனால் காற்று கிளம்பிய பிறகும் டயர் போட விடாமல், கயிறு தளர்த்த விடாமல் அதிகாரி நிற்க வைத்திருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. அப்படி இருந்தால் இரண்டு பேரையும் மனுவில் சேருங்கள். பக்கத்துப் படகு சொந்தக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம், பெரும்பாலும் அவர்தான் உங்களுக்கு நல்ல சாட்சியாகவும் இருப்பார். ட்ரான்ஸ்பாண்டர் பொருத்த வந்த தனியார் கம்பெனி ஆள் ஓட்டை போட்டுக் கெடுத்தாலும் இதே கதைதான்: கம்பெனி முதலில், துறை அடுத்து.

"கடல்ல வச்சு ரோந்துக் கப்பல் அணைஞ்சப்ப இடிச்சிருச்சு. அங்க எப்படிப் படம் எடுக்கிறது, சாட்சி வைக்கிறது?"

ஜிபிஎஸ் திரையைப் படம் எடுங்கள், இடமும் நேரமும் ஒன்றாகப் பதிவாகும். விஎச்எஃப் 16-வது சேனலில் படகு எண் சொல்லி, "சேதம் ஏற்பட்டிருக்கிறது" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள், பக்கத்தில் இருக்கிற படகுகளும் கேட்கும். தண்ணீர் ஏறினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணையோ கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணையோ கூப்பிடுங்கள். கரைக்கு வந்ததும் வீட்டுக்குப் போகும் முன்பே மனு.

நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். 2022 அக்டோபர் 21 அன்று பாக் நீரிணையில் இந்தியக் கடற்படை சுட்டதில் மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவர் காயமடைந்தார். பலமுறை எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்பதுதான் கடற்படை சொன்ன விளக்கம். 16-வது சேனலை எப்போதும் திறந்து வையுங்கள். வலை தண்ணீரில் கிடந்தால் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று சொல்லி, எதிர்ப் பக்கம் அணையச் சொல்லுங்கள். டயர்களைத் தொங்கவிட்டு இன்ஜினை நியூட்ரலில் வையுங்கள். இதெல்லாம் செய்தும் இடித்தார்கள் என்றால் அலட்சியம் யாருடையது என்பது தெளிவாகத் தெரியும்.

இதில் சட்டச் சிக்கல் ஒன்று. 2017-இன் கடல்சார் வழக்குச் சட்டப்படி, இடித்த கப்பலையே உயர் நீதிமன்றம் மூலம் பிடித்து வைக்கலாம். ஆனால் போர்க்கப்பலுக்கும் அரசு வணிகம் சாராத வேலைக்கு ஓட்டுகிற கப்பலுக்கும் அது பொருந்தாது. நீங்கள் வழக்குப் போட வேண்டியது இந்திய ஒன்றியத்தின் மீது, சாதாரண உரிமையியல் நீதிமன்றத்தில்.

"படகப் புடிச்சு மாசக்கணக்கா கட்டிப் போட்டாங்க. திரும்பத் தந்தப்ப பாதி இன்ஜின் இல்ல, பலகை எல்லாம் போயிருச்சு!"

இதில் உங்கள் பக்கம் பலமானது. ஒரு பொருளைத் தன் வசம் எடுத்தால், திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம் என்பது தெரிந்திருக்கிற வரை அதைப் பத்திரமாக வைத்திருப்பது அரசின் பொறுப்பு. குஜராத்தில் சுங்கத் துறை பிடித்து வைத்த வண்டிகள் பற்றிய வழக்கில் 1967-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. நாகேந்திர ராவ் தீர்ப்பும் சேர்ந்தால் இன்னும் பலம்.

ஆனால் பிடிக்கும்போதே பட்டியல் கேளுங்கள்: இன்ஜின், கியர் பாக்ஸ், பேட்டரி, வின்ச், ஜிபிஎஸ், வலை, டீசல் எத்தனை லிட்டர். கட்டிக் கிடக்கிற காலத்தில் "தண்ணீர் இறைக்க அனுமதி கொடுங்கள், என் செலவில் ஆள் போடுகிறேன்" என்று மனு கொடுங்கள். மறுத்தாலும் அந்த மறுப்பு உங்களுக்குத்தான் உதவும். திரும்ப எடுக்கும்போது "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்திருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, குறைகளை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

"மனு குடுத்து மூணு மாசமாச்சு. பதிலே இல்ல. அடுத்து என்ன?"

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: குறிப்பிட்ட தேதியில் ஆய்வுக்கு வந்தவர்கள் பட்டியல், என் படகின் ஆய்வு அறிக்கை நகல், என் மனு மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் உடைத்தீர்கள்" என்று கேட்காதீர்கள். இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க முடியும்.

அதற்கும் அசையவில்லை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவு நோட்டீஸ். அரசு மீது வழக்குப் போடும் முன் இரண்டு மாத அவகாசம் கொடுத்து அனுப்ப வேண்டிய கட்டாய நோட்டீஸ் இது. மாநில அரசு என்றால் அரசுச் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ அனுப்பலாம். கடலோரக் காவல் படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவதால் நோட்டீஸ் அதன் செயலாளருக்குப் போக வேண்டும். உங்கள் பெயர், முகவரி, நடந்தது, கேட்கிற தொகை எல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். பல விவகாரங்கள் இந்த நோட்டீஸிலேயே பேச்சுவார்த்தைக்கு வந்துவிடுகின்றன.

"எத்தனை வருஷத்துக்குள்ள கேஸ் போடணும்? மூணு வருஷம்னு ஒருத்தர் சொன்னாரு."

மூன்று வருடம் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பொருளைச் சேதப்படுத்தியதற்கு மூன்று வருடம் என்பது காலவரையறைச் சட்டத்தில் ஒரு பிரிவு, உண்மைதான். ஆனால் ஒரு சட்டத்தின்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு இழப்பீடு கேட்டால் ஒரே வருடம் என்று 72-வது இனம் சொல்கிறது. ஆய்வு என்பதே சட்டப்படி செய்த வேலை என்று அரசுத் தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும். சேதம் நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்தைக் கணக்கில் வையுங்கள்.

80-வது பிரிவு நோட்டீஸுக்கான இரண்டு மாதம் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் நீங்கள் ஆட்சியருக்கும் அமைச்சருக்கும் மனுக் கொடுத்து அலைந்த மாதங்கள் சேரும். மனுவுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்து கெடு தாண்டியவர்கள்தான் அதிகம்.

"கோர்ட்டுக்குப் போக காசு இல்ல. ஹைகோர்ட்ல ரிட் போட்டா சீக்கிரம் முடியும்ங்கறாங்களே?"

பணம் கேட்கிற வழக்குக்குத் தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். எண் 15100. வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கவும் அவர்களிடமே கேட்கலாம். சின்னத் தொகைக்கு அதுதான் நல்ல வழி.

ரிட் என்பது அரசுக்கு உத்தரவு போடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடுகிற மனு. அதில் யார் உடைத்தது, எவ்வளவு சேதம் என்று சாட்சி விசாரிப்பது அபூர்வம். உண்மையே சர்ச்சையில் இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். "என் மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலித்து உத்தரவு போடச் சொல்லுங்கள்" என்று கேட்பதற்கு ரிட் நன்றாக உதவும். ராமநாதபுரம், தூத்துக்குடி, புதுக்கோட்டை, கன்னியாகுமரி என்றால் மதுரைக் கிளை. நாகை, கடலூர் என்றால் சென்னை.

"அந்த ஆபீசர் மேலயே கேஸ் போட்டா என்ன?"

கோபம் புரிகிறது. ஆனால் இதுபோன்ற சட்டங்களில் "நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு அதிகாரி மீது வழக்கு இல்லை" என்ற பாதுகாப்புப் பிரிவு இருப்பது வழக்கம். நல்லெண்ணம் என்பதற்குப் பொதுச் சொற்றொடர்கள் சட்டம் சொல்கிற பொருளைக் கவனியுங்கள்: நேர்மையாகச் செய்திருந்தால் போதும், அலட்சியமாகச் செய்திருந்தாலும் அது நல்லெண்ணம்தான். ஆகவே கைதவறி உடைத்தவர் தனிப்பட்ட முறையில் தப்பித்துவிடுவார். அந்தப் பிரிவு அரசையும் சேர்த்துக் காக்கிறதா என்பது அதன் வாசகத்தைப் பொறுத்தது, அதை வக்கீல் படித்துப் பார்க்க வேண்டும்.

பணம் கேட்டுக் கிடைக்காத ஆத்திரத்தில் உடைத்தார் என்றால் அது நேர்மையான செயல் இல்லை. அவரையும் சேர்க்கலாம், லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் போகலாம். ஆனால் சாட்சி கையில் இருந்தால் மட்டும் எழுதுங்கள். நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு ஒன்றைச் சேர்த்தால், நிரூபிக்க முடிந்த பலகைச் சேதமும் அதோடு அடிபட்டுப் போகும்.

"இலங்கை நேவி இடிச்சதுக்கும் இதே வழியா?"

இல்லை. வெளிநாட்டு அரசு மீது இந்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 86-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. மீன்வளத் துறையிலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திலும் அன்றைக்கே புகார் பதிவு செய்யுங்கள். வெளியுறவு அமைச்சகத்துக்கு மாநில அரசு எழுதும்போது அந்தப் பதிவுதான் அடிப்படை. படம், ஜிபிஎஸ், சாட்சி எல்லாம் முன்பு சொன்னபடியே.

"மனு குடுத்தா அடுத்த தடவ டோக்கன் குடுக்காம இழுப்பாங்களே. பயமா இருக்கு."

எல்லோர் மனசிலும் இருக்கிற கேள்வி. வெளியே வேறு ஏதேதோ கேட்டுவிட்டு, எழுந்து போகும்போதுதான் இதைக் கேட்பார்கள். பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் அந்த அலுவலக வாசலில் நிற்க வேண்டியவர்கள் நாம்.

அதனால் மனுவை ஆள் மேல் எழுதாதீர்கள், சம்பவத்தின் மேல் எழுதுங்கள். திட்டு வேண்டாம், "அராஜகம்" வேண்டாம். என்ன உடைந்தது, சரிசெய்ய எவ்வளவு, அவ்வளவுதான். சங்கத் தலைவரும் கூட வந்து கொடுக்கட்டும். நேர்மையான அதிகாரிகள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. சிலர் தங்கள் அறிக்கையிலேயே சேதத்தைக் குறித்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கம் லைசென்ஸ், பதிவு, வலைக்கண் அளவு எல்லாம் சுத்தமாக இருக்கட்டும். அதற்குப் பிறகும் டோக்கன் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அன்றைக்கே ஆட்சியருக்கு இன்னொரு மனு. முதல் மனுவின் தேதியும் மறுத்த தேதியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், படிக்கிறவருக்கு விளக்கம் தேவைப்படாது.

"ஐயாயிரம் வச்சுக்கங்க, மனுவ வாபஸ் வாங்கிருங்கங்கறாங்க. வாங்கலாமா?"

யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அதிகாரியோ டிரைவரோ சொந்தப் பையிலிருந்து கொடுத்தால் அதற்கு ரசீது இருக்காது. நாளைக்கு நீங்கள் மிரட்டி வாங்கியதாகவும் திரும்பலாம். துறை முறையாகக் கொடுத்தால் வங்கிக் கணக்கு வழியாக வாங்குங்கள்.

"முழுத் தீர்வாக" என்ற சொல் அந்தத் தாளில் இருந்தால், ஓடாவி படகைக் கரையேற்றி அடிப்பக்கம் பார்க்கிற வரை கையெழுத்து வேண்டாம். பக்கவாட்டில் பட்ட அடி, ஏரா (படகின் அடிமரம்) வரைக்கும் இறங்கியிருப்பது படகு தண்ணீரில் நிற்கும்போது தெரியாது. பார்த்த பிறகு தொகை சரியாக இருந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால், "தற்காலிக ரிப்பேர் செலவுக்காக மட்டும் பெற்றுக்கொண்டேன், மீதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளுக்கும் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.